செவனம்மா இடத்தில் உட்கார்ந்தவள்

இதைச் சொல்ல எனக்கு வாய் கூசுது. ஆனா வேற யார் சொன்னாலும் பரமேஸக்கா பாவம், நல்ல மனசோடதான் செஞ்சுச்சுன்னு சொல்லி முடிச்சிருவாங்க, அந்த நல்ல பேரு எனக்கு வேணாம், அதனாலதான் நானே உக்காந்து சொல்றேன்.

நான் ஆத்துமேட்டுத் தேயிலைத் தோட்டத்துல புள்ளக் காம்பரா ஆயா. கொழுந்து பறிக்க மலைக்குப் போற பொம்பளைங்க கைப்புள்ளைகளை விட்டுட்டுப் போற எடம் அது. காலையில வாங்கி, பால் கரைச்சுக் குடுத்து, ஏணையில போட்டு ஆட்டி, மூக்கைத் தொடைச்சு, சாயங்காலம் திருப்பிக் குடுக்கிறதுதான் என் வேலை. முப்பது வருசமா இந்தத் தோட்டத்துல பொறந்த அத்தனையையும் தூக்கி வளத்தவ நான், எனக்குன்னு ஒண்ணு பொறக்கல, சாயங்காலம் அவங்கவங்க அம்மா வாசல்ல வந்து நின்னதும் அதுங்க என் மடியை உதறிட்டு ஓடுற ஓட்டத்தை நீங்க பாத்திருக்கணும். அதையெல்லாம் நான் பெருசா எடுத்துக்கிறதில்லன்னு ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அதுவும் பொய்தான்.

எங்க தோட்டத்துல ஒரு பழக்கம் உண்டு, எந்தக் காலத்துல யார் ஆரம்பிச்சதுன்னு தெரியாது. வெளியாள் வர்றாங்கன்னு சேதி வந்தா மொத லயத்துக்கு மட்டும் சுண்ணாம்பு அடிக்கிறது. லயம்னா ஒரே கூரைக்குக் கீழ வரிசையா ஒத்தைக் காம்பரா வீடுங்க, எங்ககிட்ட அப்படி எட்டு லயம் இருக்குது, அதுல ரோட்டைப் பாத்து இருக்கிறது மொத லயம் மட்டும்தான். மந்திரி வந்தாலும் சரி, வெளிநாட்டுக்காரங்க தேயிலை பாக்க வந்தாலும் சரி, தோட்டத்து மேனேஜர் தொரை சொல்றதுக்கு முந்தியே நாங்களே அடிச்சிருவோம், நல்ல சீலை உள்ளவங்களை அங்க வாசல்ல உக்கார வைப்போம், இருமுறவங்களையும் கிழிஞ்சது கட்டுனவங்களையும் பின்னால மலைக்கு அனுப்பிருவோம், அனுப்புனா அவங்களும் ஒரு வார்த்தை பேசாமப் போவாங்க. சுண்ணாம்பு காயுறதுக்குள்ள கார் வந்துட்டுப் போயிரும். ஆறாவது லயத்துக்காரங்க பெருமையா எங்க தோட்டம் எவ்வளவு சுத்தம்னு பேசிக்குவாங்க.

அந்த ஆறாவது லயத்துல, பின்பக்கத்துக் காம்பராவுல பொறந்தவ சந்திரவதனி. எங்களுக்கு வதனி. கருகருன்னு இருப்பா, நெடுநெடுன்னு வளந்துட்டா, அப்பன் சின்ன வயசுலயே போயிட்டான், அம்மா செவனம்மா கொழுந்து பறிச்சுத்தான் அவளைப் படிக்க வச்சா. பரீட்சை முடிச்சதும் கொழும்புல ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போனா, அங்க நெறத்தைப் பாத்து அவளை முன்னுக்கு நிக்க விடாம பின்னால சீலை மடிக்க விட்டாங்களாம். அந்தக் கடைக்கு வந்த படம் புடிக்கிறவர் ஒருத்தர், முன்னுக்கு நின்னவளுங்களை எல்லாம் விட்டுட்டு, மடிச்சுக்கிட்டிருந்த இவளைப் போய்ப் படம் எடுத்திருக்காரு. அந்தப் படம் எங்கெங்கயோ போயி, கடைசியில எங்க வதனி நாடு முழுக்க நடக்கிற அழகுராணிப் போட்டியில கடைசி இருபது பேர்ல ஒருத்தியா நின்னா. லயத்துப் பொண்ணு ஒருத்தி அந்த மேடையில ஏறுனதா அதுவரைக்கும் நாங்க கேள்விப்பட்டதே இல்ல. கோயில்ல தேங்கா ஒடைச்சோம், புள்ளக் காம்பராவுல நான் அத்தனை புள்ளைகளுக்கும் சீனி போட்ட பால் குடுத்தேன்.

அப்பத்தான் டீவிக்காரங்க வர்றதாச் சேதி வந்துச்சு. இருபது பேரோட வீட்டையும் அம்மாவையும் படம் புடிச்சு நாடு முழுக்கக் காட்டுவாங்களாம், பாக்கிற சனங்க ஓட்டுப் போடுவாங்களாம். எங்க சங்கத் தலைவர் அருணகிரி ஆளுங்களைக் கூட்டி வச்சுப் பேசினாரு. மொத லயத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிறதுல யாருக்கும் ரெண்டு பேச்சு இல்ல, வதனி வீடு மொத லயந்தான்னு சொல்றதுலயும் இல்ல, ஆனா செவனம்மாவை என்ன செய்யிறது? கூடைக் கயிறு அழுத்தி அழுத்தி அவ உச்சந்தலையில ஒரு பள்ளம், அந்த எடத்துல முடியே கெடையாது. பல்லெல்லாம் வெத்தலைக் காவி. கை தேயிலைச் சாயம் ஏறிக் கறுத்துப் போயி, கால்ல அட்டை கடிச்ச வடு, சிங்களம் ரெண்டு வார்த்தைக்கு மேல வராது. எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. நான் செவப்பு, கண்ணாடி போட்டிருப்பேன், எங்கம்மா தொரை பங்களாவுல வேலை செஞ்சதால சிங்களம் தண்ணி மாதிரி வரும். எனக்கு என்னத்துக்கு இதெல்லாம்னு ஒரு தடவை சொன்னேன். ஒரே ஒரு தடவைதான் சொன்னேன்.

வதனிக்குப் போன் போட்டேன். மத்தப் புள்ளைங்களோட அம்மாங்க டாக்டரு, பெரிய பள்ளிக்கூடத்து டீச்சருன்னு சொன்னா, மேடையில பேசப் பழக்கிற மேடம் உன் அம்மா என்ன செய்யறாங்கன்னு கேட்டப்ப தோட்டத்துல இருக்காங்கன்னு மட்டும் சொல்லிட்டு நிறுத்திட்டேன்னு சொன்னா. நான் எங்க ஏற்பாட்டைச் சொன்னேன். "நீங்களே பாத்துச் செய்ங்க அத்தை"ன்னா.

செவனம்மாகிட்டயும் நான்தான் போய்ச் சொன்னேன். ரொட்டி தட்டிக்கிட்டு இருந்தா. புள்ளையோட நல்லதுக்குத்தான்னு ஆரம்பிச்சேன், அவ முழுசாக் கேக்கக்கூட இல்ல, யாரு உக்காரப் போறான்னு மட்டும் கேட்டா. என்னையத்தான் சொல்றாங்கன்னேன். கையில ஒட்டுன மாவை வழிச்சுப் போட்டுட்டு, "நீ உக்காரு மதினி, உனக்குப் பொருத்தமாத்தான் இருக்கும்"னு சொன்னா. தூரமா நின்னு பாத்துக்கட்டுமான்னு அதுக்கப்பறம் கேட்டா. படத்துல விழுந்துருவ, நீ ஏழாம் நம்பர் மலைக்குப் போயிருன்னு நான் சொன்னேன்.

டீவிக்காரங்க வந்தாங்க. தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் வீட்டு நாற்காலி, கிளாக்கர் வீட்டு அலுமாரி, கிளாக்கர் பொண்டாட்டியோட பட்டுச் சீலை, எல்லாத்துக்கும் நடுவுல நான். டீவிக்கார நோனா ஒருத்தி மைக்கை நீட்டி மகள் பொறந்த கதையைச் சொல்லுங்க அம்மான்னு கேட்டுச்சு. அடைமழையில மண்ணு சரிஞ்சு ரோடு மறிச்சு, கொழுந்து லாரியில சாக்கு விரிச்சுப் படுக்க வச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகையில பாதி வழியிலயே அவ பொறந்ததை நான் சிங்களத்துல சொன்னேன். அது செவனம்மா பட்ட வலி. அன்னைக்கு லாரியில நான் அவ தலைமாட்டுல கொடை புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், அவ்வளவுதான். ஆனா சொல்லச் சொல்ல எனக்கே அடிவயிறு வலிச்ச மாதிரி இருந்துச்சு, அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு, நடிப்புன்னு நெனைக்காதீங்க, நெசமாவே அழுதேன், அந்த அழுகையைத்தான் டீவியில மூணு தடவை போட்டாங்க.

எல்லாம் முடிஞ்சு கெளம்புற நேரத்துல கேமராக்காரத் தம்பி, பின்னணிக்கு வேணும்னு சொல்லி ஏழாம் நம்பர் மலையில கொழுந்து பறிக்கிறவங்களைத் தூரத்துல இருந்து எடுத்தாரு. செவனம்மா அங்கதானே நிக்கிறான்னு நாங்க எல்லாரும் அவரைச் சுத்திக் கூடிட்டோம். எடுத்ததைச் சின்னத் திரையில போட்டுப் பாத்தாரு, பொம்பளைங்க வரிசையா நிக்கிறாங்க, நடுவுல ஒரு கூடை மட்டும் ஆளில்லாம செடிக்கு மேல நகந்து போய்க்கிட்டு இருந்துச்சு. அவரு கண்ணாடியைத் தொடைச்சுட்டு மறுபடியும் பாத்தாரு, அப்பறம் பனி மூட்டமா இருக்கும்னு சொல்லிட்டு வேன்ல ஏறிட்டாரு.

சாயங்காலம் கொழுந்து நிறுக்கிற எடத்துக்கு அந்தக் கூடை தனியா வந்துச்சு. கணக்கப்பிள்ளை செவனம்மா எங்கன்னு கேட்டாரு. இந்தா நிக்கிறேனேங்கய்யான்னு கூடைக்குக் கீழ இருந்து சத்தம் வந்துச்சு. அவரு ஒளிஞ்சு வெளையாடுற வயசா இதுன்னு ஏசிட்டு, கூடையை எறக்கி நிறுத்தாரு, எடை என்னைக்கும் போலத்தான் இருந்துச்சு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாரு.

அப்படித்தான் செவனம்மா கண்ணுக்குத் தெரியாமப் போனா. அவ கட்டுன சீலையும் தெரியல, போட்ட செருப்பும் தெரியல. தோட்டத்துச் சாமான் மட்டும் தெரிஞ்சுச்சு, கூடை, கயிறு, இடுப்புல கட்டுற படங்குச் சாக்கு. காலையில படங்கு ஒண்ணு அந்தரத்துல நடந்து மலைக்கு ஏறும், சாயங்காலம் எறங்கி வரும். தொரைக்குச் சேதி போச்சு, கொழுந்து கொறையுதான்னு கேட்டாராம், கொறையலைன்னாங்களாம், அப்பறம் என்னன்னுட்டாராம். தலைவர் அருணகிரி மனு எழுதுறதா இருந்தாரு, கண்ணுக்குத் தெரியாத ஆளுக்கு என்ன கேட்டு எழுதுறதுன்னு ரெண்டு நாள் யோசிச்சாரு, மூணாம் நாள் அவருக்கு வேற வேலை வந்துருச்சு. குறுக்குப் பாதையில ரெண்டு பேர் அவ மேல மோதிட்டாங்கன்னு பொம்பளைங்க சேந்து ஆட்டு மணி ஒண்ணு வாங்கிக் குடுத்தாங்க, அவ அதை வாங்கிக்கிட்டா, ஆனா கட்டல, ஆள் வந்தா ஓரமா நின்னு லேசா இருமுவா, நாங்களும் அந்த இருமலுக்கு வழி விடப் பழகிட்டோம். ஒரு வாரந்தான். ஒரு மனுசி காணாமப் போனதுக்குப் பழக எங்களுக்கு ஒரு வாரம் போதுமா இருந்துச்சு. முந்தி மட்டும் அவளை யாரு பாத்தாங்கன்னு அஞ்சாவது லயத்துக் கெழவன் ஒருத்தன் சொன்னான், அவன் வாயை நாங்க எல்லாருமாச் சேந்து அடைச்சோம்.

வதனி போன்ல அம்மா முகத்தைக் காட்டச் சொல்லிக் கேக்கும்போதெல்லாம் நான்தான் எடுத்துப் பேசினேன். இங்க சிக்னல் சரியில்லம்மா, அம்மா குளிக்கப் போயிருக்கு, அம்மா கோயிலுக்குப் போயிருக்குன்னு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். செவனம்மா பக்கத்துலயே நின்னு கேட்டுக்கிட்டு இருப்பா. ஒரு நாள் கூட, குடு நான் பேசுறேன்னு கையை நீட்டல. நீட்டியிருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது.

என் அழுகையைப் பாத்து நாடு ஓட்டுப் போட்டுச்சு. வதனி கடைசி அஞ்சு பேர்ல வந்துட்டா. கடைசி நாளன்னிக்கு அம்மாங்க மேடைக்கு வந்து மகளுக்குப் பூமாலை போடணுமாம், அதனால எனக்குப் புதுச் சீலை வந்துச்சு, தோட்டமே பஸ் புடிச்சுக் கொழும்புக்குக் கெளம்புச்சு. பஸ்ல ஜன்னல் ஓரம் நல்ல எடமாப் பாத்து உக்காந்து, பக்கத்து சீட்டுல என் பையை வச்சேன். அட்டன் தாண்டி ரொம்ப நேரம் கழிச்சு, கண்ணாடியைத் தேடி அந்தப் பைக்குள்ள கையை விட்டப்ப, அடியில ஏதோ அசைஞ்சுச்சு. "இருக்கட்டும் மதினி, என் மடியிலயே இருக்கட்டும், ஒண்ணும் பாரமில்ல"ன்னு செவனம்மா சொன்னா. மூணு மணி நேரமா என் பையை மடியில வச்சுக்கிட்டு வந்திருக்கா. எனக்கு அந்த ஜன்னல் வழியாக் குதிச்சிரலாம்னு இருந்துச்சு. குதிக்கல, பையை எடுத்து என் மடியில வச்சுக்கிட்டு வெளிய பாத்துக்கிட்டு வந்தேன்.

மண்டபத்துக்குப் பின்னால, அலங்காரம் பண்ற அறையில வதனியைப் பாத்தேன். எங்க புள்ளையா இதுன்னு இருந்துச்சு, அப்படி ஒரு அழகு, மாவைப் பூசி அவளை வெளுப்பாக்கி வச்சிருந்தாங்க, அது மட்டுந்தான் எனக்குப் புடிக்கல. என்னைக் கட்டிப் புடிச்சா, என் தோளுக்கு மேல வாசலைப் பாத்துக்கிட்டே அம்மா எங்கன்னு கேட்டா. இங்கதான் நிக்கிறேன் கண்ணுன்னு செவனம்மா சொன்னா. வதனி சத்தம் வந்த பக்கம் திரும்புனா, அங்க ஒண்ணும் இல்ல, கையை நீட்டித் தடவுனா, அவ விரல் அந்தரத்துல ஒரு முகத்தைத் தேடிக் கண்டுபுடிச்சு, மூக்கு, கன்னம், நெத்தின்னு மேல ஏறி உச்சந்தலைப் பள்ளத்துல போய் நின்னுச்சு. எவ்வளவு நாளா இப்படின்னு அவ என்னைப் பாத்துத்தான் கேட்டா. டீவிக்காரங்க வந்த நாள்ல இருந்துன்னேன். மூணு மாசம், நான் எடுத்த ஒவ்வொரு போனும் அவளுக்கு ஞாபகம் வந்திருக்கும். அவ என்னை ஏசல. பூசி வச்ச மாவெல்லாம் கரைஞ்சு வழிய உக்காந்து அழுதா, மறுபடி பூச வந்தவங்களை வேணாம்னுட்டா, மூஞ்சியைக் கழுவிக்கிட்டு அப்படியே போனா.

மேடையில என்னைக் கூப்பிட்டாங்க. சந்திரவதனியோட அம்மான்னு மைக்குல சொன்னாங்க. இவ்வளவு நடந்ததுக்கு அப்பறமும் நான் எழுந்திருச்சேன், சீலைக் கொசுவத்தைச் சரி பண்ணிக்கிட்டு, மாலையை ஏந்திக்கிட்டுப் போனேன். இதை நான் யார்கிட்டயும் மறைக்கல, எனக்கு ஆசை இருந்துச்சு. மூணே எட்டுதான் பாக்கி. வதனி மைக்கை வாங்கினா. சிங்களத்துல ஒரு தடவை சொன்னா, அப்பறம் எங்களைப் பாத்துத் தமிழ்ல சொன்னா.

"இது எங்க பரமேஸ் அத்தை. என்னைத் தூக்கி வளத்தவங்க, ஆனா அம்மா இல்ல. எங்க அம்மா கொழுந்து பறிக்கிறவங்க. அவங்களைக் காட்ட நான் வெக்கப்பட்டேன். அம்மா, மேல வாங்க."

படியில செருப்புச் சத்தம் கேட்டுச்சு, என்னைத் தாண்டிப் போச்சு, என் கையில இருந்த மாலை மெதுவா நழுவிப் போச்சு. அப்பறம் மொத வரிசையில யாரோ கை தட்டுனாங்க, அதைப் பாத்துப் பின்னால இருந்தவங்க எழுந்திருச்சாங்க, எங்க ஆளுங்க, செவனம்மாடி, செவனம்மாடின்னு ஒருத்தரை ஒருத்தர் புடிச்சு உலுக்கி அழுதாங்க, சீலை தெரியுதாம், பல்லு தெரியுதாம், சிரிக்கிறாளாம். நானும் கை தட்டினேன். எனக்கு ஒண்ணும் தெரியல. வதனி குனிஞ்சு நிக்கிறது தெரிஞ்சுச்சு, அவ கழுத்துக்கு ஒரு மாலை தானா வந்து விழுந்தது தெரிஞ்சுச்சு, அவ்வளவுதான்.

வதனிக்குக் கிரீடம் கெடைக்கல, ரெண்டாவதா வந்தா. லயத்துல பொறந்தவ அந்த எடத்துக்கு வந்ததே சரித்திரம்னு பேப்பர்ல போட்டாங்க. மொத எடம் ஏன் இல்லன்னு எங்க ஆளுங்க ஆளுக்கொரு நியாயம் பேசுனாங்க, இனம்னாங்க, நெறம்னாங்க. வதனி என்கிட்ட மட்டும் சொன்னா, மார்க்குல அவதான் முன்னுக்கு நின்னாளாம், வீட்டைப் பத்திப் பொய்யாக் காட்டுனதுக்குக் கொறைச்சிட்டாங்களாம். அவ கிரீடத்தை வேற யாரும் தட்டிப் பறிக்கல. செவனம்மா எப்படி இருந்தாளோ அப்படியே அந்த நாற்காலியில உக்காந்திருந்தா வதனி ஜெயிச்சிருப்பா.

இப்ப ஏழு மாசம் ஆகுது. நாடே செவனம்மாவைப் பாக்குது, ரோட்டுல போற காரை நிறுத்திப் படம் எடுத்துக்கிறாங்க, ஆறாவது லயத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சாச்சு, கணக்கப்பிள்ளை அவளை வாங்க போங்கன்னு பேசுறாரு. என் கண்ணுக்குத்தான் இன்னும் கூடை மட்டும் தெரியுது. மொத ரெண்டு மாசம் தெரியிற மாதிரி நடிச்சேன், சீலை நல்லா இருக்கே செவனம்மான்னு ஒரு நாள் அவ வாசலைப் பாத்துச் சொல்லப் போயி, அன்னைக்கு அவ மலைக்குப் போய்ட்டாளாம், மாட்டிக்கிட்டேன். இப்ப எல்லாருக்கும் தெரியும். பரமேஸக்காவுக்குக் கண்ணாடி மாத்தணும்னு சிரிக்கிறாங்க.

மன்னிப்புக் கேட்டாச் சரியாப் போயிரும்னு நெனைச்சேன். கேக்கிறதுக்கு வார்த்தை சேக்கவே எனக்கு இத்தனை மாசம் ஆச்சு. போன ஞாயித்துக்கெழமை மத்தியானம் அவ காம்பராவுக்குப் போனேன். அடுப்பு எரிஞ்சுச்சு, உலை கொதிச்சுச்சு, பக்கத்துல பலகை போட்டிருந்துச்சு, அதுல உக்காந்திருக்கான்னு தெரிஞ்சு முன்னால மண்டி போட்டு உக்காந்தேன். உன் வலியை என் வலின்னு சொன்ன பாவி நான் செவனம்மான்னு ஆரம்பிச்சேன். உன் இடத்துல உக்கார ஊர் சொன்னதால நான் உக்காரல, எனக்கே ஆசை, ஒரு நாளாவது ஒரு புள்ள என்னை விட்டுட்டு ஓடாம இருக்கணும்னு ஆசை, மேடையில கூட உன் மாலையைத் தூக்கிக்கிட்டு நடந்தேன், என்னைக் கால்ல போட்டு மிதின்னு, யார்கிட்டயும் சொல்லாதது எல்லாத்தையும் ஒண்ணு விடாமக் கொட்டினேன். அவ ஒண்ணும் பேசல. பேசாம இருக்கிறதும் அவ கொணம்தானேன்னு நெத்தியைத் தரையில வச்சு அழுதேன்.

எனக்குப் பின்னால வாசல்ல தண்ணிக் கொடத்தை எறக்குற சத்தம் கேட்டுச்சு.

"யார்கிட்ட மதினி பேசிக்கிட்டு இருக்க?"ன்னு செவனம்மா கேட்டா.

மறுபடி மொதல்ல இருந்து சொல்ல எனக்கு நாக்கு எழும்பல. ஒண்ணுமில்ல, கொஞ்சம் உப்பு வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன்னு சொன்னேன். அவ உப்பு எடுத்து என் கையில வச்சா, நான் வாங்கிக்கிட்டு வந்துட்டேன்.